ஜிபிஜி கீ சைன் பண்றது எப்படி, நான் மாட்டிக்கிட்ட இடத்தையும் சேர்த்து

ஓப்பன் சோர்ஸ்ல சும்மா பேட்ச் (கோட் திருத்தம்) அனுப்பிட்டு இருக்கற வரைக்கும் யாரும் ஜிபிஜி கீ (அனுப்பறது நீங்கதான்னு காட்டவும், என்க்ரிப்ட் பண்ணவும் ஜிபிஜிங்கற சாஃப்ட்வேர் உருவாக்கற சாவி) பத்தி பெருசா கேக்க மாட்டாங்க, பேக்கேஜ் அப்லோட் பண்ற உரிமை கேட்டதும்தான் "உங்க கீயை யாராச்சும் சைன் பண்ணிருக்காங்களா"ன்னு வரும், அதாவது இந்த கீ உங்களோடதுதான்னு இன்னொருத்தர் தன் கீயால உறுதி பண்ணிருக்காரான்னு. டெபியன்ங்கற லினக்ஸ் ப்ராஜெக்ட்ல டெவலப்பர் ஆகணும்னா ஏற்கனவே டெவலப்பரா இருக்கறவங்க ரெண்டு பேராவது உங்க கீயை சைன் பண்ணிருக்கணும்ங்கறது வழக்கம். இதுல எனக்கு ஒரு வாரம் போச்சு, அதுலயும் பாதி நாள் ஒரே ஒரு ஸ்டெப்ல.

டெர்மினல் தொறக்கத் தெரியும், ஜிபிஜி போட்டாச்சுன்னு வெச்சுக்கறேன். கமாண்டை எல்லாம் உச்சரிப்பாதான் எழுதிருக்கேன், நீங்க முன்னாடி ரெண்டு ஹைஃபன் போட்டு இங்கிலீஷ்ல அடிங்க.

முதல்ல கீ. ஃபுல்-ஜெனரேட்-கீ குடுத்தா அதுவே கேள்வி கேட்டுக்கிட்டு போகும். அதுல கீ வகையும் கேக்கும், எனக்கு பிடிச்சது ஈடி25519, கீ சின்னது, வேகமும் ஜாஸ்தி. எதிர்ல இருக்கறவங்க ரொம்ப பழைய சாஃப்ட்வேர் வெச்சிருப்பாங்களோன்னு பயமா இருந்தா ஆர்எஸ்ஏ 4096. எக்ஸ்பைரி ரெண்டு வருஷம் வைங்க, பின்னாடி நீட்டிக்கலாம், அதனால யார் போட்ட சைனும் போயிடாது. ரிவோக்கேஷன் சர்டிபிகேட்டை (கீ இனிமே செல்லாதுன்னு அறிவிக்கற ஃபைல்) ஜிபிஜியே உருவாக்கி உங்க ஹோம் ஃபோல்டருக்குள்ள போட்டு வெச்சிருக்கும், அதை வேற எங்கயாச்சும் காப்பி எடுத்து வைங்க, லேப்டாப் போச்சுன்னா அதுவும் கூடவே போயிடும்ல.

அடுத்து, ஒருத்தர் கீயை ஒருத்தர் சைன் பண்ணிக்கப் போறவங்க நேர்ல பாக்கறது. ஃபிங்கர்பிரிண்ட்னு கமாண்ட் குடுத்தா உங்க கீயோட அடையாளமா 40 எழுத்து வரும், அதை உங்க பேரோட சின்னச் சின்ன சீட்டா பிரிண்ட் எடுத்துட்டு போங்க. அவங்க சீட்டை நீங்க வாங்கிக்கணும், ஐடி கார்டை பாக்கணும், சீட்டுல இருக்கற பேரும் கார்டுல இருக்கற பேரும் ஒண்ணுதானான்னு பாத்து டிக் போட்டுக்கணும், அவ்ளோதான். அங்க கம்ப்யூட்டரே வேணாம். வைஃபைல உக்காந்து அங்கயே சைன் பண்றேன்னு ஆரம்பிச்சா அவசரத்துல தப்பு கீல கை வெச்சிடுவீங்க.

வீட்டுக்கு வந்து அவங்க கீயை இறக்கி, சீட்டுல இருக்கற 40 எழுத்தையும் ஒண்ணு விடாம ஒத்துப் பாருங்க. ஒத்துப்போச்சுன்னா சைன்-கீ.

இப்பதான் நான் சொதப்பின இடம். சைன் பண்ணி முடிச்சதும் சென்ட்-கீஸ் அடிச்சு கீ சர்வர்ல (எல்லாரும் கீயை ஏத்தி இறக்கிக்கற பொது சர்வர்) ஏத்திட்டு, வேலை முடிஞ்சுதுன்னு அந்த கீயோட சொந்தக்காரருக்கு மெசேஜும் போட்டேன். அவர் ரெஃப்ரெஷ் பண்ணி பாத்துட்டு ஒண்ணுமே வரலன்னாரு. திரும்ப சைன் பண்ணா "ஏற்கனவே பண்ணியாச்சு"ன்னு ஜிபிஜி சொல்லுது, அவர் பக்கம் காணோம். ரெண்டு நாள் மண்டையை உடைச்சிக்கிட்டேன். விஷயம் என்னன்னா, 2019ல யாரோ சிலரோட கீ மேல ஆயிரக்கணக்குல குப்பை சிக்னேச்சரை ஏத்தி விட்டுட்டாங்க, அந்த கீயை இறக்கினா ஜிபிஜியே திணற ஆரம்பிச்சிடுச்சு. இந்த மாதிரி தொல்லையாலதான் கீஸ் டாட் ஓப்பன்பிஜிபி டாட் ஆர்க் மாதிரி சர்வர் அடுத்தவங்க போட்ட சிக்னேச்சரை பொதுவா வெளிய குடுக்கறது இல்ல. சர்வர் குடுத்தாலும், ஜிபிஜி 2.2.17ல இருந்து கீ சர்வர் வழியா வர்றதுல அவங்கவங்க சொந்த சிக்னேச்சரை மட்டும் வெச்சுக்கிட்டு மிச்சத்தை தூக்கிப் போட்டுடும்.

அதனால சர்வரை மறந்துடுங்க. சைன் பண்ண கீயை ஆர்மர், எக்ஸ்போர்ட் போட்டு ஃபைலா எடுங்க, அவங்க கீயாலயே என்க்ரிப்ட் பண்ணி மெயில்ல அனுப்புங்க, அவங்க டிக்ரிப்ட் பண்ணி இம்போர்ட் பண்ணிப்பாங்க. ஃபைல்ல இருந்து இம்போர்ட் பண்ணா சிக்னேச்சர் போகாது. இதுல இன்னொரு லாபம், அந்த மெயில் ஐடியும் அந்த கீயும் நெஜமாவே அவங்க கைலதான் இருக்குன்னு தெரிஞ்சுடும், ஏன்னா வேற யாராலயும் தொறக்க முடியாது. ஒருத்தருக்கு மூணு மெயில் ஐடி இருந்தா ஒவ்வொண்ணுக்கும் தனித்தனியா சைன் பண்ணி தனித்தனியா அனுப்பணும், கையால பண்ணா வெறுத்துடும். சைனிங்-பார்ட்டி பேக்கேஜ்ல காஃப்னு ஒரு டூல் இருக்கு, இதை எல்லாம் அதுவே பண்ணிடும். ஆனா உங்க மெஷின்ல மெயில் அனுப்பற செட்டப் இருக்கணும், அது இல்லாம காஃபை ஓட்டிட்டு மெயில் போயிடுச்சுன்னு நான் காத்துட்டு இருந்தது தனி கதை.

பிற்சேர்க்கை: ஃபிங்கர்பிரிண்ட்ல கடைசி 8 எழுத்து மட்டும் பாத்தா போதாதான்னு ரெண்டு பேர் கேட்டுட்டாங்க. போதாது. அந்த 8 எழுத்து ஒரே மாதிரி வர்ற போலி கீயை கிராபிக்ஸ் கார்டு வெச்சு சில செகண்ட்ல உருவாக்கலாம், 2016ல லினக்ஸை உருவாக்கின லினஸ் டோர்வால்ட்ஸ் பேர்லயே அப்படி ஒரு போலி கீ சர்வர்ல கெடந்துச்சு.

இன்னொண்ணு, சைன் பண்ணா அவரை நம்பறோம்னு அர்த்தமான்னு கேட்டிருந்தாங்க. இல்லங்க, இந்த கீ இந்த ஆளோடதுதான்னு சொல்றீங்க, அவ்ளோதான். அவர் மத்தவங்களை ஒழுங்கா பாத்து சைன் பண்ணுவாரான்னு சொல்றதுக்கு எடிட்-கீக்குள்ள ட்ரஸ்ட்னு தனியா இருக்கு, அது உங்க மெஷினை விட்டு வெளிய போகாது. நீங்க முழுசா நம்பற ஒருத்தர், இல்லன்னா அரைகுறையா நம்பற மூணு பேர் சைன் பண்ணிருந்தா புது கீயை ஜிபிஜி சரின்னு ஏத்துக்கும். ஆளை நேர்ல பாக்கல, உங்க மெஷின்ல வார்னிங் வராம இருந்தா போதும்னா எல்சைன்-கீ போடுங்க, எக்ஸ்போர்ட் பண்றப்ப அந்த சைன் கூட வராது.