புளியங்கொட்டையை உரசி அரை ஆயுளைக் கண்டுபிடிப்போம்

பழனிக்குப் பக்கத்தில் உள்ள பொருந்தலில், ஒரு பழங்காலக் கல்லறைக்குள் நான்கு கால்கள் வைத்த மண் ஜாடி ஒன்று கிடைத்தது. அதற்குள் நெல் இருந்தது. கார்பன் ஆய்வுக்கு அனுப்பிப் பார்த்தபோது, ஏறத்தாழ பொ.ஆ.மு. 490ஐச் சேர்ந்த நெல் என்று முடிவு வந்தது. அந்த ஆண்டை எப்படிக் கணக்கிட்டார்கள்? வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து நீங்களே செய்து பார்த்துப் புரிந்துகொள்ளலாம்.

தொடங்கும் முன்

ஒவ்வோர் அணுவின் நடுவிலும் அணுக்கரு இருக்கிறது. 1911இல் ரூதர்ஃபோர்டு விளக்கிய உண்மை இது. அந்தக் கருவில் எத்தனை புரோட்டான்கள் இருக்கின்றன என்பதுதான் அது என்ன தனிமம் என்பதைத் தீர்மானிக்கிறது. 6 இருந்தால் கார்பன், 7 இருந்தால் நைட்ரஜன். ஆனால் நியூட்ரான்களின் எண்ணிக்கை மாறலாம். 6 நியூட்ரான்கள் இருந்தால் கார்பன்-12, 8 இருந்தால் கார்பன்-14. ஒரே தனிமத்தின் இப்படிப்பட்ட வகைகளை ஐசோடோப்புகள் என்கிறோம்.

கார்பன்-12 நிலையானது. கார்பன்-14 அப்படியல்ல. அதன் கருவிலுள்ள ஒரு நியூட்ரான் என்றாவது ஒரு நாள் புரோட்டானாக மாறும். ஓர் எலக்ட்ரான் வெளியே பாயும். புரோட்டான் ஏழாகிவிட்டதால் அந்த அணு இனி நைட்ரஜன். இதுதான் பீட்டா சிதைவு.

படி 1: கொட்டைகளைத் தயார் செய்யுங்கள்

100 புளியங்கொட்டைகளை எடுத்து, தாயம் ஆடுவதற்கு உரசுவதைப் போலவே ஒரு பக்கத்தை மட்டும் கல்லில் உரசி வெள்ளையாக்குங்கள். ஒரு முறம், வரைபடத்தாள், பென்சில் ஆகியவையும் வேண்டும். ஒவ்வொரு கொட்டையும் ஒரு கார்பன்-14 அணுக்கரு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

படி 2: வீசுங்கள், பொறுக்குங்கள், எழுதுங்கள்

எல்லாக் கொட்டைகளையும் முறத்தில் குலுக்கிப் போடுங்கள். வெள்ளைப் பக்கம் மேலே வந்தவை சிதைந்துவிட்டன, அவற்றை எடுத்துவிடுங்கள். மீதியை எண்ணி எழுதுங்கள். மீதியை மட்டும் மறுபடி வீசுங்கள். நான்கைந்து கொட்டைகள் மிஞ்சும் வரை இப்படியே தொடருங்கள்.

ஏறத்தாழ 50, 25, 12 என்று குறைந்துகொண்டே வரும். முதல் வீச்சில் 44 மிஞ்சலாம், 57ம் மிஞ்சலாம், அது தவறல்ல. பக்கத்து வீட்டுப் பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டு 1,000 கொட்டைகளோடு வீசினால், மிஞ்சுவது சரிபாதிக்கு இன்னும் நெருங்கி வரும்.

படி 3: ஒரு கொட்டையைக் கவனியுங்கள்

அவசரப்படாமல் இங்கே சற்று நில்லுங்கள், அணுக்கரு இயற்பியலின் உயிர் இந்தப் படியில்தான் இருக்கிறது. ஐந்து வீச்சுகள் தாண்டியும் கறுப்பாகவே விழும் ஒரு கொட்டையை எடுத்துப் பாருங்கள். ஆறாவது வீச்சில் அது வெளுக்கும் வாய்ப்பு கூடியிருக்கிறதா? இல்லை. முதல் வீச்சில் இருந்த அதே வாய்ப்புதான். அணுக்கருவும் அப்படியே. அதற்கு மூப்பு கிடையாது. நேற்று உருவான கார்பன்-14ம் பத்தாயிரம் ஆண்டுகளாகச் சிதையாமல் இருக்கும் கார்பன்-14ம் நாளை சிதைவதற்கான வாய்ப்பு ஒன்றே. எந்த அணு எப்போது சிதையும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் கூட்டமாக எடுத்தால் பாதி குறைய எவ்வளவு காலமாகும் என்று உறுதியாகச் சொல்லலாம். அந்தக் காலம்தான் அரை ஆயுட்காலம். கார்பன்-14க்கு அது 5,730 ஆண்டுகள்.

உங்கள் கொட்டைகள் சரிபாதியாக விழவில்லையா? இன்னும் நல்லது. 100க்கு 40 மட்டுமே வெளுத்தால், பாதியாகக் குறைய ஒரு வீச்சு போதாது, ஏறத்தாழ 1.4 வீச்சுகள் ஆகும். சிதையும் வாய்ப்பு குறைந்தால் அரை ஆயுள் நீள்கிறது. மருத்துவத்தில் பயன்படும் அயோடின்-131க்கு 8 நாட்கள், யுரேனியம்-238க்கு 447 கோடி ஆண்டுகள் என்று இவ்வளவு பெரிய வேறுபாடு வருவதற்குக் காரணம் இந்த வாய்ப்புதான்.

படி 4: கோடு வரையுங்கள்

கிடை அச்சில் வீச்சு, நிலை அச்சில் மிஞ்சிய எண்ணிக்கை. புள்ளிகளை வளைகோட்டால் இணையுங்கள். 100 எங்கே 50 ஆகிறதோ, அதற்கு நேர் கீழே 5,730 ஆண்டுகள் என்று எழுதுங்கள்.

படி 5: பொருந்தல் நெல்லுக்கு வருவோம்

விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள் வளிமண்டலத்தில் நியூட்ரான்களை உண்டாக்குகின்றன. அவை நைட்ரஜனில் மோதும்போது கார்பன்-14 புதிதாகப் பிறக்கிறது. (இந்தக் கதிர்களைத்தான் நம் பக்கத்து மலையான உதகையில் கிரேப்ஸ்-3 ஆய்வகம் அளந்துவருகிறது.) பயிர் உயிரோடு இருக்கும் வரை காற்றிலிருந்து அதை எடுத்துக்கொண்டே இருக்கும். அறுத்த பிறகு வரவு நின்றுவிடும், சிதைவு மட்டும் தொடரும்.

அறுவடையாகி ஏறத்தாழ 2,500 ஆண்டுகள் ஆகின்றன. உங்கள் கிடை அச்சில் 5,730க்குள் 2,500 எங்கே வரும் என்று குறித்து, மேலே போய்க் கோட்டைத் தொடுங்கள். ஏறத்தாழ 74 என்று காட்டும். அந்த நெல்லில் முதலில் இருந்த கார்பன்-14இல் நான்கில் மூன்று பங்கு இன்னும் இருக்கிறது! ஆய்வகத்தில் இதையே தலைகீழாகச் செய்கிறார்கள்: மிஞ்சியதை அளந்து ஆண்டைப் படிக்கிறார்கள். பிறகு, காற்றில் கார்பன்-14இன் அளவு காலந்தோறும் சற்று மாறி வந்திருப்பதால், மர வளையங்களை வைத்துத் திருத்திக்கொள்கிறார்கள்.

புதிதாக அறுத்த பயிரின் ஒரு கிராம் கார்பனில் கார்பன்-14 அணுக்கள் ஏறத்தாழ 6,000 கோடி இருந்தாலும், நிமிடத்துக்கு 14 அளவில்தான் சிதைகின்றன. சிதைவை எண்ணிக் காத்திருந்தால் நிறைய நெல்லை எரிக்க வேண்டிவரும். அணுக்களை வேகப்படுத்தி எடைவாரியாகப் பிரிக்கும் முடுக்கி நிறை நிறமாலை முறையில் அணுக்களையே நேரடியாக எண்ணிவிடுவதால் சில நெல்மணிகளே போதும்.

எங்கே இது செல்லாது

நொய்யல் கரையில் கொடுமணலில் கிடைத்த கல்மணிகளுக்கு இம்முறை உதவாது. கல் உயிரோடு இருந்ததில்லை. அதே மண்ணடுக்கில் கிடைக்கும் கரித்துண்டைத்தான் அளக்க வேண்டும். 50,000 ஆண்டுகளைத் தாண்டினால் அளப்பதற்கே கார்பன்-14 மிஞ்சாது.

நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டிப் பாறைகளோ 200 கோடி ஆண்டுகளையும் தாண்டியவை. அத்தகைய பாறைகளில் சிர்கான் என்னும் சிறு படிகங்களைத் தேடி எடுத்து, அவற்றில் யுரேனியம் எவ்வளவு ஈயமாக மாறியிருக்கிறது என்று பார்க்கிறார்கள். அதற்கும் நீங்கள் வரைந்த அதே கோடு போதும்; 5,730ஐ அழித்துவிட்டு 447 கோடி என்று எழுதிக்கொள்ளுங்கள்.