நெடுநாள் நின்ற மொறிஸ் மைனரின் இறுகிய பிறேக்கை விடுவித்தல்

திருகோணமலையில் கடலோரக் கொட்டகையொன்றில் நான்கைந்து மாரிகாலம் அசையாமல் நின்ற மொறிஸ் மைனர் காரில், இயந்திரத்துக்கு முன்பாகப் பிறேக்குத்தான் இறுகிப்போயிருக்கும். 1948இல் அறிமுகமான இந்தக் காரின் நான்கு சில்லுகளிலும் இருப்பவை ட்ரம் பிறேக்குகள்: சில்லோடு சுழலும் ட்ரம்மின் உட்புறத்தில், லைனிங் என்னும் உராய்வுப்பட்டை ஒட்டிய வளைந்த சூக்கள் அழுந்திக் காரை நிறுத்தும். ஹாண்ட் பிறேக்கை இழுத்த நிலையில் காரை விட்டுச் சென்றிருந்தால், உப்புக்காற்றில் ட்ரம்மின் உட்புறம் கறள் பிடித்து, பின்சில்லுகளின் லைனிங் அதனோடு ஒட்டிக்கொள்ளும். இன்னொரு வாகனத்தில் கயிறு கட்டி இழுத்தால் லைனிங் பிய்ந்து ட்ரம்முக்குள் சிக்கிக்கொள்ளும் என்பதால், அந்த எண்ணத்தைக் கைவிடுவதே நல்லது.

எதிர்ப்பக்கச் சில்லுகளுக்கு முட்டுக்கொடுத்து, காரை உயர்த்தி, ஜாக்கை நம்பாமல் உறுதியான தாங்கிகளில் நிறுத்திய பின்னரே சில்லைக் கழற்றுங்கள். ஹாண்ட் பிறேக் கேபிளைத் தளர்த்தி, ட்ரம்மின் முகத்திலுள்ள துளைவழியே ஸ்குறூ டிறைவரை விட்டு, சூக்களின் நிலையைச் சரிசெய்யும் அட்ஜஸ்டரை இடஞ்சுழியாகத் திருப்பினால் அவை உள்வாங்கும். ட்ரம்மைப் பிடித்திருக்கும் இரு திருகாணிகளையும் கழற்றி, நடுப்பகுதியைச் சுற்றிக் கறள் இளக்கும் எண்ணெயை விட்டு ஓர் இரவு ஊறவிடுங்கள். மறுநாள் மரச்சுத்தியலால் சுற்றிவரத் தட்டுங்கள். வார்ப்பிரும்பு ஆதலால் இரும்புச் சுத்தியலின் ஓங்கிய அடியை அது தாங்காது. ட்ரம் அரை அங்குலம் வந்து நின்றுவிட்டால், தேய்மானத்தால் விளிம்பில் எழுந்த வரம்பு சூவில் தடுக்கிறது என்று பொருள். அட்ஜஸ்டரை இன்னும் தளர்த்துங்கள்.

பழைய லைனிங்கில், மூச்சோடு உட்சென்றால் நுரையீரலைக் கெடுக்கும் கல்நார் (அஸ்பெஸ்டஸ்) இருக்கக்கூடும். ஆகவே உள்ளே படிந்திருக்கும் தூளைக் காற்றால் ஊதாமல், முகமூடி அணிந்து ஈரத்துணியால் துடைத்தெடுங்கள்.

ட்ரம் கழன்றதும் வேலை முடிந்தது என்று எண்ணுவோர் பலர். உண்மையான கோளாறு பெரும்பாலும், பிறேக் எண்ணெயின் அழுத்தத்தால் பிஸ்டனைத் தள்ளிச் சூக்களை விரிக்கும் சில்லுச் சிலிண்டருக்குள் இருக்கும். பிறேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. அந்த ஈரமே பிஸ்டனைக் கறளால் பூட்டிவிடுகிறது. நான் திறந்த ஒரு சிலிண்டரில் எண்ணெய்க்குப் பதிலாகப் பனங்கட்டிப் பாணி போன்ற பழுப்புக் குழம்புதான் இருந்தது. வராத பிஸ்டனைக் கொம்பிரசர் காற்றால் வெளியேற்ற முயன்றால் அது சன்னம்போலப் பாயும். கிறீஸ் துப்பாக்கியை இணைத்து மெல்ல மெல்ல அழுத்துவதே பாதுகாப்பானது. உட்சுவரில் நகத்துக்குத் தட்டுப்படும் குழிகள் இருந்தால் சிலிண்டரையே மாற்றுங்கள். குழியில்லாததைக் கிறீஸ் துளியும் எஞ்சாமல் கழுவி, புதிய றப்பர் சீல்களைப் போடலாம். ஒருமுறை அவசரத்தில் மண்ணெண்ணெயால் கழுவினேன். சீல்கள் உப்பி, ஒரே வாரத்தில் எல்லாவற்றையும் மீண்டும் கழற்ற நேர்ந்தது. பிறேக் எண்ணெய் அல்லது மெதிலேற்றட் ஸ்பிரிட் போதும்.

பெடலை மிதிக்கும்போது எண்ணெயைச் சில்லுகளுக்கு அழுத்தி அனுப்பும் மாஸ்டர் சிலிண்டர் சாரதியின் காலடியில், தரைக்குக் கீழே இருக்கிறது. அதனையும் கழற்றிப் பாருங்கள். றப்பர்க் குழாய்கள் வெளியே நன்றாகத் தெரிந்தாலும் மாற்றுங்கள். டொட் 4 தரத்திலான புதிய பிறேக் எண்ணெயை ஊற்றி, மாஸ்டர் சிலிண்டருக்குத் தொலைவான இடப்பக்கப் பின்சில்லில் தொடங்கிக் குழாய்களில் சிக்கிய காற்றை வெளியேற்றுங்கள். பின்னர் சன நடமாட்டமில்லாத ஒழுங்கையில் மெதுவாக ஓட்டி, திரும்பியதும் நான்கு ட்ரம்களுக்கு அருகிலும் கையை வைத்துப் பாருங்கள். ஒன்று மட்டும் கொதித்தால் அதன் பிஸ்டன் இன்னும் முழுமையாகத் திரும்பவில்லை.