பாதுகாப்பா, செலவா: கணக்காளர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"கணக்குப் போட்டுக் கொடுப்பதுதான் என் வேலை, முடிவு மேலிடத்துடையது." நிறுவனம் தயாரிக்கும் பொருளில் ஆபத்து இருப்பது தெரிந்த பிறகும் இப்படி ஒதுங்கிக்கொள்வதுதான் முதல் தவறு. மற்றவை இதிலிருந்தே பிறக்கின்றன. எதைக் கணக்கில் சேர்ப்பது, எதை விடுவது என்று தீர்மானிக்கும்போதே பாதி முடிவை எடுத்துவிடுகிறோம்.

ஃபோர்டு நிறுவனத்தின் 1973 குறிப்பைப் பாருங்கள். விபத்தில் எரிபொருள் கசிந்து தீப்பிடிப்பதைத் தடுக்க வண்டிக்கு 11 டாலர் வீதம், 1.25 கோடி வண்டிகளுக்கு 13.7 கோடி டாலர். மறுபக்கம், தடுக்காமல் விட்டால் 180 மரணங்கள், தலைக்கு 2 லட்சம் டாலர். 180 பேருக்குக் கடுமையான தீக்காயம், தலைக்கு 67,000. எரியும் வண்டிகள் 2,100, ஒன்றுக்கு 700. கூட்டினால் 4.95 கோடிதான். இது, பின்னாலிருந்து மோதினால் தீப்பிடிப்பதாகப் பேர்வாங்கிய ஃபோர்டின் பின்டோ காருக்காகவே போட்ட கணக்கு என்று பலர் எழுதுகிறார்கள், அது சரியல்ல. அரசு கொண்டுவரவிருந்த ஒரு விதியை எதிர்த்து, அமெரிக்க வண்டிகள் அனைத்துக்குமாகப் போட்டது. உயிருக்கு 2 லட்சம் என்பதும் அரசு அமைப்பு தந்த எண்ணே. அதனால் என் மனம் ஆறவில்லை. கூட்டலில் பிழையே இல்லை. ஆனால் மிச்சமாகும் பணம் ஒருவருக்கு, தீ வேறொருவருக்கு. அந்த வேறொருவரை யாரும் கேட்கவில்லை.

தலைப்பை நம்பிவிடுவது இன்னொரு தவறு. ஜெனரல் மோட்டார்ஸ் கார்களில் இக்னிஷன் சுவிட்ச் ஓட்டத்தின் நடுவே நழுவி இன்ஜினை அணைத்தது, ஏர்பேக்கும் விரியாது. நிறுவனத்துக்குள் இதை 'வாடிக்கையாளர் வசதி' சார்ந்த குறை என்று வகைப்படுத்தியிருந்தார்கள். வசதிக் குறை என்றால் உதிரிபாகத்தின் விலையை மட்டும் பார்த்தால் போதுமல்லவா? 2005-இல் வந்த திருத்த யோசனைகள் செலவைக் காட்டி நிராகரிக்கப்பட்டன. 2014-இல் சுமார் 26 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்தார்கள். இழப்பீட்டு நிதி ஏற்றுக்கொண்ட மரணங்கள் 124. 'இது ஏன் வசதி என்ற தலைப்பில் இருக்கிறது?' என்று செலவுத்தாளைப் பார்க்கும் கணக்காளர் கேட்டிருக்கலாம். அந்தக் கேள்விக்குப் பொறியியல் பட்டம் தேவையில்லை.

ரகசியம் காக்கும் கடமையைக் கேடயமாகப் பிடிப்பதும் தவறு. கணக்காளர்களுக்கான சர்வதேச ஒழுக்க விதிகளில் 2017 முதல் நடைமுறையில் உள்ள பகுதி, சட்டமீறல் தெரிந்தால் மேலதிகாரியிடமும் தேவைப்பட்டால் தணிக்கைக் குழுவிடமும் கொண்டுபோகச் சொல்கிறது. பொதுநலன் கோரும் நிலையில் உரிய அரசு அமைப்பிடம் தெரிவிக்கவும் வழிவிடுகிறது. இந்தியாவில் பட்டியலிடப்பட்ட நிறுவனங்கள் புகார் சொல்ல ஒரு பாதுகாப்பான வழி வைத்திருக்க வேண்டும் என்று 2013 கம்பெனிகள் சட்டமே சொல்கிறது.

கடைசியாக, வாரண்டி செலவை வெறும் செலவாகப் படிக்காதீர்கள். ஒரே பாகத்துக்கு மாதாமாதம் கோரிக்கை கூடினால், அதைப் பெரும்பாலும் முதலில் பார்ப்பவர் நீங்கள். அன்றே தேதியிட்டு எழுத்தில் கேளுங்கள்: இதனால் யாருக்காவது காயம் ஏற்படுமா?