உதிர்ந்த சருகை எரிக்க வேண்டாம்
மாமரத்தடியில் சேரும் சருகைக் கூட்டி எரித்தால், அதிலுள்ள தழைச்சத்தில் (நைட்ரஜன்) பெரும்பகுதி புகையோடு போய்விடும். இலை வெயிலில் பிடித்த ஆற்றல் எப்படியும் ஒருமுறைதான் பயன்படும். பூஞ்சையும் மண்புழுவும் தின்று தீர்த்துவிடும். சத்துகள் அப்படியில்லை. சருகு மட்கினால் அவை மண்ணுக்கே திரும்பி, மறுபடி வேர் வழியாக மரத்தில் ஏறும். சருகின் அடிப்பக்கத்தைப் புரட்டிப் பாருங்கள், வெள்ளை நூல் மாதிரி ஓடும் பூஞ்சைதான் அந்த வேலையைச் செய்கிறது.

சருகை அங்கேயே நான்கு விரல் கனத்துக்கு மூடாக்காக, அதாவது மண்ணை மூடும் போர்வையாக, பரப்புங்கள். தண்டை ஒட்டி ஒரு சாண் இடம் விடுங்கள், பட்டை அழுகாது. முக்கியமாக, காய்ந்த சருகை மண்ணுக்குள் கொத்திவிடாதீர்கள். அதை மட்கவைக்கும் நுண்ணுயிர்கள் மண்ணின் தழைச்சத்தை இழுத்துக்கொள்ளும். பக்கத்திலிருக்கும் கத்தரி, மிளகாய்ச் செடிகள் மஞ்சளாகிவிடும். மேலாகப் போட்டு, சாணிக் கரைசல் தெளித்தால் போதும்.