14.5-உம் 6.9-உம் ஒன்றுதான்: காடியின் எண்ணெய்க் கணக்கை மாற்றிப் பார்ப்பது எப்படி?

புக்கிட் மெர்தாஜாமில் இருக்கும் அக்கா போன மாதம் பதறிப்போய் போன் செய்தார். பட்டறையில் பேட்டரி மாற்றியதிலிருந்து மீட்டரில் வழக்கமாக 14.5 என்று வரும் எண் 6.9 ஆகிவிட்டதாம், காடி எண்ணெயைக் குடிக்க ஆரம்பித்துவிட்டது என்று பயம். படம் பிடித்து அனுப்பச் சொன்னேன். எண்ணுக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் 'லிட்டர்/100 கிலோமீட்டர்' என்று இருந்தது. பேட்டரியைக் கழற்றியதில் அளவு மாறியிருக்கிறது, அவ்வளவுதான். காடி முன்பு ஓடியபடியேதான் ஓடுகிறது.

முதலில் இதைப் புரிந்துகொள்ளுங்கள். கிலோமீட்டர்/லிட்டர் என்பது ஒரு லிட்டரில் எவ்வளவு தூரம் போகும் என்று சொல்கிறது, அதில் எண் கூடினால் நல்லது. லிட்டர்/100 கிலோமீட்டர் என்பது நூறு கிலோமீட்டர் போக எத்தனை லிட்டர் வேண்டும் என்று சொல்கிறது, அதில் எண் குறைந்தால்தான் நல்லது.

படி 1: 100-ஐ கையில் இருக்கும் எண்ணால் வகுங்கள். 100 ÷ 6.9 = 14.5. திரும்ப மாற்றவும் அதே கணக்குதான், 100 ÷ 14.5 = 6.9. இரண்டு பக்கமும் ஒரே வழி என்பதால் மறக்கவே மறக்காது.

படி 2: மீட்டரை மட்டும் நம்பாமல் நீங்களே அளந்து பாருங்கள். எண்ணெய் நிலையத்தில் குழாய் தானாக 'டக்' என்று நிற்கும்வரை ஊற்றி, டிரிப் மீட்டரை சுழியமாக்கி, சில நாள் வழக்கம்போல ஓட்டிவிட்டு, முடிந்தால் அதே பம்பிலேயே மறுபடி அதே 'டக்' வரை ஊற்றுங்கள். 412 கிலோமீட்டர் ஓடி 28.4 லிட்டர் பிடித்தது என்றால் 412 ÷ 28.4 = 14.5. டக் கேட்ட பிறகு வெள்ளியை ரவுண்டாக்க இன்னும் கொஞ்சம் ஊற்றும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு, இந்தக் கணக்கை அதுதான் கெடுக்கும்.

படி 3: யூடியூபில் காடி விமர்சனம் பார்ப்பவர்களுக்கு. மைல்/கேலன் என்று சொன்னால் எந்த நாட்டு கேலன் என்று பாருங்கள். அமெரிக்க கேலன் 3.785 லிட்டர், பிரிட்டிஷ் கேலன் 4.546 லிட்டர். மைல், நம் தோட்டத்துப் பெரியவர்கள் 'கட்டை' என்பார்களே அதுதான், 1.609 கிலோமீட்டர். கிலோமீட்டர்/லிட்டரை 2.352-ஆல் பெருக்கினால் அமெரிக்கக் கணக்கு, 2.825-ஆல் பெருக்கினால் பிரிட்டிஷ் கணக்கு. ஆக அக்காவின் காடியை அமெரிக்கர் 34 என்பார், லண்டன்காரர் 41 என்பார்.

சரி, இனிதான் பலரும் சறுக்கும் இடம். லிட்டருக்கு 10 கிலோமீட்டர் தரும் காடியை விற்று 12 தருவதை வாங்குவது, 20 தருவதை விற்று 25 தருவதை வாங்குவது, எதில் எண்ணெய் அதிகம் மிச்சம்? இரண்டாவது என்றுதான் தோன்றும். பட்டர்வொர்த்திலிருந்து கோலாலம்பூர் வரை சுமார் 350 கிலோமீட்டர் போட்டுப் பாருங்கள். முதல் ஆளுக்கு 35 லிட்டர் 29.2 ஆகிறது, 5.8 லிட்டர் மிச்சம். இரண்டாவது ஆளுக்கு 17.5 லிட்டர் 14 ஆகிறது, 3.5தான் மிச்சம். அதனால் பழைய பெரிய காடி வைத்திருப்பவர்கள் 'ரெண்டு கிலோமீட்டர்தானே கூடுது' என்று தயவுசெய்து ஒதுக்கிவிடாதீர்கள்.

சராசரியிலும் இதே சிக்கல். பாலத்து நெரிசலில் 100 கிலோமீட்டர், லிட்டருக்கு 10. அப்புறம் நெடுஞ்சாலையில் 100 கிலோமீட்டர், லிட்டருக்கு 20. சராசரி 15 இல்லை. 10 லிட்டரும் 5 லிட்டரும் சேர்த்து 15 லிட்டரில் 200 கிலோமீட்டர், அதாவது 13.3.

அக்காவின் மீட்டரைப் பழையபடி மாற்றித் தரட்டுமா என்று கேட்டேன், பிறகு நானே வேண்டாம் என்றேன். வேலைக்கு பாயான் லெப்பாஸ் போய்வர அவருக்கு மாதம் 1,200 கிலோமீட்டர் ஆகிறது. 12 × 6.9, கிட்டத்தட்ட 83 லிட்டர். லிட்டர் விலையால் பெருக்கினால் மாதச் செலவு வந்துவிடுகிறது.