போர்க்காலக் காதலைக் குறும்படமாக எடுக்கிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இந்த மாதம் மூன்று பேர் கதை எழுதிக் கொண்டுவந்து காட்டினார்கள். மூன்றிலும் பட்டாளத்துக்குப் போனவன், அவனுக்காகக் காத்திருக்கிறவள். கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே சொல்கிற வேலூர் பக்கத்தில் இந்தக் கதை வராவிட்டால்தான் ஆச்சரியம். ஆனால் நான் செய்த அதே தவறை மூன்று பேரும் செய்திருந்தார்கள். கேமரா ஆடுவது, சத்தம் சரியாகப் பதிவாகாதது எல்லாம் இரண்டாவது படத்தில் தானாகச் சரியாகிவிடும், அதை விடுங்கள்.

காசையெல்லாம் சண்டையில் கொட்டுவது

என் படம் 1971 இந்தியா-பாகிஸ்தான் போரைப் பற்றியது. கையில் அறுபதாயிரம் ரூபாய். அதில் நாற்பதாயிரம் வாடகை யூனிஃபார்முக்கும் பொம்மைத் துப்பாக்கிக்கும் புகைக்கும் போனது. டிசம்பர் மாத எல்லை என்று சொல்லிவிட்டு மே மாத வேலூர் வெயிலில் ஒரு பாறை மேட்டில் இரண்டு நாள் உருண்டோம். வீட்டிலிருக்கும் மனைவிக்கு மிச்சமானது அரை நாள்தான். வாசலில் நின்றாள், ரோட்டைப் பார்த்தாள், அழுதாள், முடிந்தது.

படத்தைப் பார்த்த ஒரு பட்டாளத்து வீட்டு ஆயா என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்: "எனக்குப் படிக்கத் தெரியாது. போஸ்ட்மேன்தான் லெட்டரை மாமியார் எதிர்க்க சத்தமாப் படிப்பாரு. அதனால அவரு என்னைப் பத்தி ஒரு வார்த்தை எழுத மாட்டாரு. மாடு வேளைக்குத் தின்னுதா, இளைச்சிப் போச்சான்னு எழுதுவாரு. அது நான்தான்னு எனக்குத் தெரியும்."

அந்த மாட்டை எடுக்க எனக்கு எவ்வளவு செலவாகியிருக்கும்? இதை நினைத்தால் இன்றும் எரிச்சல் வருகிறது, ஏனென்றால் படம் எடுப்பதற்கு முன்னால் ஒரு நாள் அந்தத் தெருத் திண்ணையில் போய் உட்கார்ந்திருந்தால் எல்லாம் கிடைத்திருக்கும்.

சோவியத் இயக்குநர் சுக்ராய் 1959-இல் எடுத்த 'பேலட் ஆஃப் எ சோல்ஜர்' பாருங்கள். சண்டை ஆரம்பத்திலேயே முடிந்துவிடும். இரண்டு டாங்கிகளை அழித்த பையன் பதக்கத்துக்குப் பதிலாக லீவு கேட்கிறான், அம்மாவைப் பார்க்கணும், ஒழுகுகிற கூரையைச் சரிசெய்யணும் என்று. ஆறு நாள் கிடைக்கிறது. வழியெல்லாம் ரயில், பார்க்கிற மனிதர்கள், ஒரு பெண். ஊருக்குப் போய்ச் சேரும்போது அம்மாவோடு இருக்கச் சில நிமிடங்கள்தான். அவன் போரிலிருந்து திரும்பவில்லை என்று படம் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறது, அப்படியும் அவன் கூரையைப் பற்றிப் பேசும்போது நமக்கு நம்பிக்கை வருகிறது.

கடித உறை

1971 கடிதத்தில் பின்கோடு எழுதாதீர்கள், அது வந்தது 1972-இல். வேலூர் அப்போது இருந்த மாவட்டம் வட ஆற்காடு.

வயலின்

அவள் அழுவதற்கு முன்னால் வேண்டாம்.

கடைசியில் ஓடிவந்து கட்டிக்கொள்வது

வீட்டுக்காரர் பட்டாளத்திலிருந்து திரும்பி வந்த அன்று என்ன நடந்தது என்று அந்த ஆயாவிடம் கேட்டேன். "கூடத்துல ஊரே உட்கார்ந்திருக்கு, நான் எங்க போய்ப் பார்க்கறது? அவரு தண்ணி கூடக் குடிக்காம, மாட்டைப் பார்த்துட்டு வரேன்னு கொட்டாய்க்குப் போனாரு. நான் புல்லுக்கட்டைத் தூக்கிக்கிட்டுப் பின்னாலயே போனேன்" என்றார்.