இணையத்தில் வானியல் கற்பவர்கள் எங்கே சறுக்குகிறார்கள்?

ஆகஸ்ட் பிறந்தால் அந்தச் செய்தி எங்கிருந்தாவது வந்துவிடும்: "இம்மாதம் 27-ஆம் தேதி இரவு செவ்வாய்க் கோள் முழுநிலவு அளவுக்குப் பெரிதாகத் தெரியும். இன்று உயிரோடிருக்கும் எவரும் இனி இப்படியொரு காட்சியைக் காண முடியாது." இதன் வேர் முழுப் பொய் அல்ல. 2003 ஆகஸ்ட் 27 அன்று செவ்வாய் பூமியிலிருந்து சுமார் 5.58 கோடி கிலோமீட்டர் தூரத்துக்கு வந்தது. ஏறத்தாழ 60,000 ஆண்டுகளில் அவ்வளவு நெருங்கியதில்லை. அப்போது சுற்றிய மின்னஞ்சலில், 75 மடங்கு உருப்பெருக்கத்தில் பார்த்தால், வெறும் கண்ணுக்கு முழுநிலவு தெரிகிற அளவில் செவ்வாய் தெரியும் என்றுதான் இருந்தது. கைமாறிக் கைமாறி உருப்பெருக்கம் உதிர்ந்தது. பிறகு ஆண்டும் உதிர்ந்தது. எஞ்சியதுதான் இன்றைக்கும் வலம் வருகிறது.

இதைப் பிடிக்கப் பட்டப்படிப்பு தேவையில்லை. செவ்வாயின் விட்டம் நிலவின் விட்டத்தைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. அன்று அது இருந்த தூரமோ நிலவின் தூரத்தைப் போல 145 மடங்கு. 145-ஐ இரண்டால் வகுத்தால் எழுபதுக்கு மேல் வருகிறது. நிலவின் அகலத்தில் எழுபதில் ஒரு பங்குகூட இல்லாத ஒன்று வெறும் கண்ணுக்குப் புள்ளியாகத்தான் தெரியும். மின்னஞ்சலில் 75 என்ற எண் ஏன் வந்தது என்பதும் இங்கேயே விளங்கிவிடுகிறது. (நிலவளவு தெரியும் தூரத்துக்குச் செவ்வாய் உண்மையிலேயே வந்தால் அதை ரசிக்க நேரம் இருக்காது. நிலவின் ஓத விசையைவிடச் சற்றே வலுவான இன்னொரு ஓத விசை கடல்களை இழுக்கத் தொடங்கியிருக்கும்.)

வானியல் கற்க இணையத்தில் பொருளுக்குப் பஞ்சமில்லை. நாசாவின் 'இன்றைய வானியல் படம்' 1995 ஜூன் முதல் நாளுக்கு ஒரு படமும் விளக்கமும் தருகிறது. ரைஸ் பல்கலைக்கழகத்தின் ஓப்பன்ஸ்டாக்ஸ் 30 அத்தியாயங்கள் கொண்ட வானியல் பாடநூலை இலவசமாக வைத்திருக்கிறது. ஆய்வாளர்கள் பயன்படுத்தும் தரவுத்தளங்களும் பெரும்பாலும் திறந்தே கிடக்கின்றன. ஆனாலும் கற்பவர்கள் தடுமாறுகிறார்கள். திரையில் இருப்பது அளவீடா, கணக்கீடா, ஓவியமா, இன்னும் சோதிக்கப்படாத கூற்றா என்று கேட்காமல் எல்லாவற்றையும் ஒரே மதிப்பில் வாங்கிக்கொள்வதுதான் பெரும்பாலான தவறுகளுக்கு ஊற்று என்பது என் கணிப்பு.

படத்தைப் படமாக மட்டும் பார்ப்பது

கழுகு நெபுலா என்ற வாயு-தூசு மேகத்தில் உள்ள 'படைப்பின் தூண்கள்' படத்தை எங்காவது பார்த்திருப்பீர்கள். ஹபிள் தொலைநோக்கி 1995-இல் எடுத்தது. ஹபிளின் கேமரா நம் கைப்பேசியைப் போல ஒரே சொடுக்கில் வண்ணப் படம் எடுப்பதில்லை. ஒரு வடிகட்டியை முன்னே வைத்துக் கறுப்பு வெள்ளையில் ஒரு படம், வடிகட்டியை மாற்றி இன்னொரு படம் என்று எடுக்கிறது. இந்தப் படத்துக்கு மூன்று வடிகட்டிகள்: கந்தக அயனிகளின் ஒளிக்கு ஒன்று, ஹைட்ரஜன் ஒளிக்கு ஒன்று, ஆக்சிஜன் அயனிகளின் ஒளிக்கு ஒன்று. கந்தகத்துக்குச் சிவப்பு, ஹைட்ரஜனுக்குப் பச்சை, ஆக்சிஜனுக்கு நீலம் என நிறம் கொடுத்து மூன்றையும் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினார்கள்.

ஆனால் ஹைட்ரஜனின் அந்த ஒளியின் அலைநீளம் 656 நானோமீட்டர், கந்தகத்துடையது சுமார் 672. மனிதக் கண்ணுக்கு இரண்டுமே சிவப்புதான். இயல்பான நிறத்திலேயே விட்டிருந்தால் எந்த வாயு எங்கே இருக்கிறது என்று பிரித்துப் பார்க்க முடியாது.

இங்கே இரண்டு தவறுகள் நடக்கின்றன. விண்கலத்தில் அருகே போனால் இப்படித்தான் தெரியும் என்று நம்புவது முதலாவது. சிறு தொலைநோக்கி வாங்கி அதே நெபுலாவைத் தேடியவர், சாம்பல் நிறத்தில் ஒரு மங்கல் மட்டும் தெரிவதைக் கண்டு மனம் சலித்துவிடுவதற்கு இதுவே காரணம். உண்மை தெரிந்ததும் "எல்லாம் கணினியில் வரைந்தது, ஏமாற்று" என்று முடிவுகட்டுவது இரண்டாவது. அது முதலாவதைவிட மோசமான தவறு. அந்த நிறங்கள் அலங்காரத்துக்கு இட்டவை அல்ல; அவை வேதியியல் வரைபடம். ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கி 2022-இல் அதே தூண்களை அகச்சிவப்பில் எடுத்தபோது தூசு பாதி ஊடுருவக்கூடியதாக மாறி, உள்ளேயும் பின்னேயும் இருக்கும் விண்மீன்கள் வெளிப்பட்டன. எது உண்மைப் படம் என்ற கேள்விக்கு அங்கே இடமே இல்லை.

ஐரோப்பிய விண்வெளி முகமையின் ஹபிள் தளத்தில் படத்தைத் திறந்தால் பக்கத்திலேயே ஒரு சிறு அட்டவணை இருக்கும்: எந்த வடிகட்டி, எந்த அலைநீளம் என்று. பலரும் அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். படத்தைப் பதிவிறக்குவதற்கு முன் அந்த அட்டவணையைப் படிப்பது ஒரு பாடத்துக்குச் சமம்.

ஓவியங்களின் கதை வேறு. 2017 பிப்ரவரியில் டிராப்பிஸ்ட்-1 என்ற விண்மீனைச் சுற்றும் ஏழு கோள்கள் பற்றிய அறிவிப்பு வந்தபோது, கடலும் பனியும் நிறைந்த அழகிய கோள்கள் எல்லாச் செய்திகளிலும் மிதந்தன. அவற்றில் ஒன்றைப் புள்ளியாகக்கூட எவரும் படம் பிடித்ததில்லை. விண்மீனின் முன்னால் கோள் கடக்கும்போது ஒளி சற்றே குறைவதை அளந்து கண்டுபிடித்தவை அவை. படத்தின் கீழே 'ஓவியரின் கற்பனை' என்று எழுதியிருந்தார்கள். மறுபதிவு செய்தவர்கள் அந்த வரியை வெட்டிவிட்டார்கள். ஆகவே படத்தின் மூலப் பக்கம் கிடைக்கும்வரை அதிலிருந்து எதையும் கற்காமல் இருப்பதே மேல்.

"மணிக்கு 150" என்பதை அப்படியே நம்புவது

டிசம்பர் நடுவில் வரும் ஜெமினிட் விண்கல் மழைக்கு மணிக்கு 150 விண்கற்கள் என்று போடுகிறார்கள். குடும்பத்தோடு மாடிக்குப் போய்ப் பத்து பன்னிரண்டை மட்டும் பார்த்துவிட்டு, அறிவியலாளர்கள் கதை விடுகிறார்கள் என்று திரும்புபவர்கள் உண்டு. அந்த 150 ஒரு தரப்படுத்திய எண். விண்கற்கள் புறப்படுவதுபோல் தோன்றும் புள்ளி நேர் உச்சியில் இருக்க வேண்டும், ஒளித்தரம் (எண் கூடக்கூட மங்கல்) 6.5 வரையிலான மிக மங்கிய விண்மீன்களும் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு வானம் இருண்டிருக்க வேண்டும். இவ்விரண்டும் பொருந்தினால்தான் 150.

உங்கள் வானத்துக்கு அதை மாற்றிக்கொள்வது எளிது. புறப்படு புள்ளி அடிவானிலிருந்து 30 பாகை உயரத்தில்தான் இருக்கிறது என்றால் எண்ணிக்கை பாதியாகும்: 75. வானம் சற்று வெளுத்து 5.5 ஒளித்தரம் வரைதான் தெரிகிறது என்றால், ஜெமினிட்களுக்கு அதை ஏறத்தாழ 2.6-ஆல் வகுக்க வேண்டும்: 29. நகர வெளிச்சத்தில் 4.5 வரைதான் என்றால் மீண்டும் 2.6-ஆல் வகுக்க வேண்டும்: 11. மாடியில் எண்ணிய பத்து பன்னிரண்டு கணக்கோடு அழகாகப் பொருந்துகிறது. நிலவொளி இருந்தால் அதுவும் குறையும்.

இதே இடத்தில் நேரக் குழப்பமும் உண்டு. பெரும்பாலான வானியல் நாட்காட்டிகள் நிகழ்வுகளை உள்ளூர் நேரத்தில் அல்ல, உலக நேரத்தில் (UTC) தருகின்றன. உச்சம் 14-ஆம் தேதி காலை 8 மணி என்றிருந்தால் உலகின் பாதிப் பகுதியில் அப்போது பகல். '13-14 இரவு' என்பதை 14-ஆம் தேதி மாலை என்று எடுத்துக்கொண்டு ஒரு நாள் தாமதமாக வெளியே வருவதும் வழக்கம்.

இடத்தைச் சொல்லாமல் வானத்தைக் கேட்பது

ஸ்டெல்லேரியம் போன்ற இலவச வான்வரைபட மென்பொருள்கள் இருக்கும்போது கற்பவர் கொடுத்துவைத்தவர். ஆனால் இடத்தைச் சரியாக அமைக்காமல் தொடங்கினால் வேறு ஏதோ ஓர் ஊரின் வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். சோதிக்க ஒரு நல்ல வழி: வட அரைக்கோளத்தில் இருந்தால் துருவ விண்மீனைத் தேடுங்கள். திரையில் அதன் உயரம் உங்கள் ஊரின் அட்சரேகைக்கு ஒரு பாகைக்குள் இருக்க வேண்டும். தென் அரைக்கோளத்தில் அது அடிவானுக்குக் கீழே கிடக்க வேண்டும். பிசகினால் அமைப்பைத் திருத்துங்கள். கைப்பேசியை வானத்துக்கு நேரே நீட்டிப் பார்க்கும் செயலிகளில், காந்தம் பொருத்திய உறை திசைகாட்டியைக் குழப்பிவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஓர் எச்சரிக்கை: செயலி பகலிலும் கோள்களைக் காட்டும். புதன் சூரியனிலிருந்து 28 பாகைக்கு மேல் விலகுவதே இல்லை. செயலியைப் பார்த்துக்கொண்டே இருகண்நோக்கியால் அதைத் துழாவினால் சூரியன் பார்வையில் விழ ஒரு கணம் போதும், போன பார்வை திரும்பாது. சூரியன் முழுதாக மறைந்த பிறகே கருவியை எடுக்க வேண்டும்.

செய்தித் தலைப்பிலிருந்து அறிவியல் கற்பது

2024 ஒய்ஆர்4 என்ற சிறுகோள் 2024 டிசம்பர் 27 அன்று கண்டுபிடிக்கப்பட்டது. 2032 டிசம்பரில் அது பூமியில் மோதும் வாய்ப்பு சில வாரங்களில் ஒரு சதவீதத்தைத் தாண்டி, 2025 பிப்ரவரி 18 அன்று 3.1 சதவீதத்தைத் தொட்டது. அடுத்த சில நாட்களில் கிட்டத்தட்ட சுழியமானது. முதலில் பயமுறுத்திவிட்டுப் பிறகு பின்வாங்கினார்கள் என்று பலர் எழுதினார்கள்.

நடந்தது என்னவென்றால், தொடக்க அவதானிப்புகள் குறைவாக இருக்கும்போது சிறுகோள் கடக்கக்கூடிய பாதை மிக அகன்ற பட்டையாக இருக்கும். அதில் பூமி ஒரு சிறு பகுதி. புதிய அவதானிப்புகள் சேரச் சேரப் பட்டை சுருங்குகிறது. பூமி இன்னும் அதற்குள் இருக்கும்வரை அதன் பங்கு விகிதத்தில் கூடும். பட்டை மேலும் சுருங்கிப் பூமியை வெளியே விட்டதும் சட்டென்று விழும். முதலில் ஏறிப் பிறகு விழுவது இத்தகைய கணக்கின் இயல்பு. 2004-இல் அபோஃபிஸ் சிறுகோளுக்கும் இதுவே நடந்தது. 2029-க்கான வாய்ப்பு 2.7 சதவீதம் வரை போய்ப் பிறகு இல்லாமல் போனது. தலைப்பை விட்டுவிட்டு நாசாவின் ஜேபிஎல் ஆய்வகம் நடத்தும், மோதக்கூடிய சிறுகோள்களின் 'சென்ட்ரி' பட்டியலை நேரே பாருங்கள். எத்தனை நாள் அவதானிப்பை வைத்துக் கணக்கிட்டார்கள் என்பதும் அங்கேயே இருக்கும்.

ஆய்வுக் கட்டுரைகளிலும் இதே அவசரம் உண்டு. ஆர்க்ஸிவ் தளம் 1991 முதல் கட்டுரைகளை இலவசமாகத் தருகிறது. ஆனால் அங்கே வருபவை சக ஆய்வாளர்களின் பரிசீலனை முடிந்தவையாக இருக்க வேண்டியதில்லை. 2014 மார்ச்சில், தென் துருவத்தில் இயங்கிய பைசெப்2 தொலைநோக்கியின் குழு, பெருவெடிப்பை ஒட்டிய ஈர்ப்பு அலைகளின் சுவடு கிடைத்தது என்று அறிவித்தது, உலகமே கொண்டாடியது. 2015 தொடக்கத்தில் பிளாங்க் விண்கலக் குழுவோடு சேர்ந்து தரவை அலசியபோது, அந்தச் சமிக்ஞையில் நம் பால்வெளியின் தூசுக்குப் பெரும்பங்கு இருப்பது தெரிந்தது. அறிவியல் அங்கே சரியாகவே இயங்கியது. முதல் நாளோடு படிப்பதை நிறுத்தியவர்களுக்குத்தான் தவறான பாடம் தங்கிவிட்டது. கட்டுரையின் கருத்து வரியில் எந்த இதழ் ஏற்றது என்ற குறிப்பு உண்டா, பிறகு யார் அதை மேற்கோள் காட்டி மறுத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். இரண்டாவதற்கு நாசாவின் ஏடிஎஸ் தரவுத்தளம் உதவும்.

எண்கள் முரண்பட்டால் ஒரு தளம் பொய் சொல்கிறது என்று பதற வேண்டாம். சனிக்கு 82 துணைக்கோள்கள் என்று எழுதியவர் 2019-இல் எழுதியிருப்பார். 2025 மார்ச் நிலவரப்படி 274. பக்கத்தின் தேதியைப் பார்த்தால் தீர்ந்தது. தேதியால் தீராத முரண்களும் உண்டு. பேரண்டம் விரியும் வேகத்துக்கு (ஏறத்தாழ 32.6 லட்சம் ஒளியாண்டுத் தூரத்துக்கு நொடிக்கு இத்தனை கிலோமீட்டர் என்ற கணக்கில்) ஒரு தளம் 67 என்றும் இன்னொரு தளம் 73 என்றும் சொல்லும். முதலாவது பேரண்டத்தின் தொடக்க ஒளியிலிருந்து கணித்தது, இரண்டாவது அருகிலுள்ள விண்மீன்களையும் வெடிப்புகளையும் அளந்தது. இரண்டும் ஏன் ஒத்துப்போகவில்லை என்பது இன்றைய வானியலின் திறந்த கேள்விகளில் ஒன்று. அதைப் பிழை என்று ஒதுக்கிவிட்டால் நல்ல பகுதியையே தவறவிடுவீர்கள்.

2025 ஜூலையில் 3ஐ/அட்லஸ் கண்டுபிடிக்கப்பட்டதும் இன்னொரு தொல்லை பெருகியது. சூரியக் குடும்பத்துக்கு வெளியிலிருந்து வந்ததாக நாம் அறிந்த மூன்றாவது பொருள் அது, ஒரு வால்மீன். அதைப் பற்றி, செயற்கை நுண்ணறிவுக் குரலும் இட்டுக்கட்டிய காட்சிகளும் கொண்ட காணொளிகள் வரிசை கட்டின. பெயர், தேதி, தரவு எதையும் சொல்லாமல் 'விஞ்ஞானிகள் அதிர்ச்சி' என்று தொடங்கும் காணொளியை மூடிவிடலாம். உரையாடும் செயலிகளிடம் இன்று வியாழன் எத்தனை மணிக்கு உதிக்கும் என்று கேட்டால் தயங்காமல் ஒரு நேரத்தைச் சொல்லும். அதை ஸ்டெல்லேரியத்தில் ஒருமுறை சரிபார்க்காமல் நம்பக் கூடாது.

பார்ப்பதோடு நின்றுவிடுவதும் ஒரு தவறுதான். கருந்துளைகள் பற்றி எத்தனையோ காணொளிகளைப் பார்த்தும், நிலவு ஏன் நாள்தோறும் தாமதமாக உதிக்கிறது என்று சொல்லத் தெரியாதவர்கள் இருக்கிறார்கள். கேலக்ஸி ஸூ என்ற திட்டம் 2007-இல் தொடங்கி, விண்மீன் திரள்களின் படங்களைப் பொதுமக்களிடம் கொடுத்து வகைப்படுத்தச் சொன்னது. அந்த ஆண்டே ஹன்னி வான் ஆர்கெல் என்ற டச்சுப் பள்ளி ஆசிரியர் ஒரு திரளின் அருகே விசித்திரமான ஒளித்திட்டைக் கவனித்துக் கேட்டார். அணைந்துபோன ஒரு குவாசரின் (கருந்துளையால் பிரகாசிக்கும் திரள் மையத்தின்) பழைய ஒளியில் இன்னும் மிளிரும் வாயு மேகம் அது என்று பின்னர் விளங்கியது. இப்போது ஸூனிவர்ஸ் தளத்தில் இத்தகைய திட்டங்கள் பல நடக்கின்றன. ஒரே படம் பலரிடம் காட்டப்படுவதால், புதிதாகச் சேர்ந்தவரின் ஒரு தவறான சொடுக்கு முடிவைக் கெடுத்துவிடாது.